ஒரு கை குறைந்தால்

உட்காரச் சொல்ல வேண்டியவர் யார் என்று யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. வினை அங்கேதான் பிடித்தது. "மறைந்த தாளாளர் ஐயா அவர்களுக்கு எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி" என்று தலைமையாசிரியர் திரவியம் சொன்னார். ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள், நாற்காலிகள் தரையைக் கீறி அடங்கின, அதோடு சரி. வழக்கமாக விளையாட்டு ஆசிரியர் காசிராஜன்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்து "நன்றி, அமரலாம்" என்பார். ஆனால் இன்றைக்கு மறைந்தவரின் மகன், புதுத் தாளாளர், வெள்ளைச் சட்டையில் முன்னால் நிற்கிறார். அவர் இருக்கும்போது நாம் வாய் திறப்பது முறையா என்று காசிராஜன் தலைமையாசிரியரைப் பார்த்தார். பெற்ற பிள்ளை உட்காராமல் நாம் எப்படி உட்காருவது என்று தலைமையாசிரியர் மகனைப் பார்த்தார். மகன் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றார். இரண்டு நிமிடம் போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியை சங்கரகோமதி, ஜன்னலோரம் நின்றிருந்தவள், பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினாள்.

நரம்பு சுருட்டிக்கொண்ட கால். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஒரு டீச்சரிடம் போய் நிற்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. மேலே மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. மூலை மேஜையில் கேசரியை வாழையிலை போட்டு மூடி வைத்திருந்தார்கள், நெய் வாசனை ஊதுபத்தி வாசனையோடு கலந்து வந்தது, துக்கத்துக்கும் பசிக்கும் நடுவில் ஆளை நிறுத்துகிற வாசனை. இதென்ன நினைப்பு, ஐயா செத்து ஒரு வாரம்தான் ஆகிறது. நல்ல மனிதர். ஆனால் எதிரே படத்தில் மாலைக்குள்ளிருந்து பார்க்கிற அவரே இப்போது இறங்கி வந்தால் "உக்காருங்கம்மா, போதும்" என்றுதான் சொல்வார். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நிற்கிறார்கள். முன்னால் கணக்கு டீச்சர் மரகதவல்லியின் கழுத்து வியர்த்து மல்லிகைச் சரம் சரிகிறது, அதைத் தூக்கிச் சொருகக்கூடக் கை எழவில்லை. காசிராஜன் சாரின் கட்டைவிரல் செருப்புக்குள் ஏறி இறங்குகிறது. நான் உட்கார்ந்தால் என்ன? உட்கார்ந்தால், கோமதிக்கு மரியாதை தெரியாது என்பார்கள். அதுகூட வேண்டாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான், ஆனால் அந்தத் திரும்பிப் பார்த்தல் இருக்கிறதே, அதைத் தாங்க முதுகில் எலும்பு வேண்டும். மூன்று பேர் நிற்கிற இடமென்றால் உட்கார்ந்துவிடலாம். மின்சாரம் போய் அறை இருட்டாகிவிட்டாலும் உட்கார்ந்துவிடலாம். இத்தனை பேர், இத்தனை வெளிச்சம். இன்னொருத்தர் உட்கார்ந்தால் இரண்டாவதாக நான் உட்காருவேன் என்று அவள் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இந்த அறை முழுக்க இரண்டாவது ஆட்கள்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள், முதல் ஆளைத்தான் காணோம்.

முதல் ஆள் கிடைத்துவிட்டாலும் ஆபத்துதான், அவளுடைய கல்யாணத்தில் கிடைத்த மாதிரி. சங்கரன்கோவிலில் மண்டபம் நிறையக் கூட்டம். எல்லார் கையிலும் அட்சதை, எல்லார் கண்ணும் ஐயர் மேல். ஐயர் கையைத் தூக்கினார். அவர் தூக்கியது மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட. ஆனால் முன்வரிசையில் இருந்த பெரியப்பா "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்திவிட்டார், மேளக்காரர் வெளுத்து வாங்கினார், மண்டபமே எழுந்து அட்சதையைக் கொட்டியது. தாலி அப்போது தட்டில் தேங்காய் மேல் சாவதானமாக இருந்தது. மாப்பிள்ளை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையெல்லாம் அரிசியோடு, யாருக்கோ கல்யாணம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. பிறகு அவர் நிஜமாகவே தாலி கட்டியபோது ஒருத்தர் கையிலும் ஒரு மணி அரிசி இல்லை. வெறும் கையை ஆட்டி ஆசீர்வாதம் பண்ணினார்கள். குனிந்திருந்த கோமதியின் உச்சியில் மட்டும் சொத்தென்று ஒரு பிடி விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஆவுடைச் சித்தி. ஊரே போட்டபோது அவள் மட்டும் போடவில்லை. "ஏன் சித்தி, நீங்க மட்டும் அப்பமே போடலியா?" என்று பிற்பாடு கேட்டதற்கு, "தாலி தட்டுலல்லா இருந்திச்சி, கண்ணு தெரியாதா எனக்கு? கட்டாததுக்கு என்னத்துக்குப் போடணும்?" என்றாள். குடும்பத்தில் அவளைக் கோட்டிக்காரி, கிறுக்கு என்பார்கள். எதிலும் ஒத்துப்போகமாட்டாள், ஒரு வீட்டிலும் அவளுக்குப் பந்தியில் நல்ல இடம் கிடைத்ததில்லை, கோமதியே நாலு இடத்தில் அவளைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் ஒரு மண்டபத்து ஆசீர்வாதத்தில் முறையான நேரத்தில் தலையில் விழுந்தது அந்தக் கோட்டிக்காரியின் ஒரு பிடிதான். அதை நினைத்தால் இன்னும் உச்சந்தலை குறுகுறுக்கிறது. அரிசி கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவு நேரம் கைக்குள்ளேயே வைத்திருந்த வேர்வை.

இப்போது எதற்குச் சித்தி? கோமதிக்குத் தெரியும் எதற்கென்று. அஞ்சலி முடிந்ததும் அடுத்த விஷயம் மாகாளி. உச்சிமாகாளி, அவள் வகுப்புப் பிள்ளை, பதினான்கு வயது, கணக்கிலும் ஆங்கிலத்திலும் அவள் வாங்கிய மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்து வகுப்பு சிரிக்கும். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. பள்ளி வாசலில் 'தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பெயிண்டில் எழுதிய பலகை நிற்கிறது, அந்தப் பலகையை இந்த ஒரு பிள்ளை அழித்துவிடும். அதனால் இப்போதே டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடலாம், வேறு எங்கேயாவது சேர்ந்து படிக்கட்டும். எங்கேயாவது என்றால் எங்கே? பக்கத்தில் வேறு உயர்நிலைப் பள்ளி கிடையாது, இரண்டு பஸ் மாற வேண்டும், மாறமாட்டாள், அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவாள். இதற்குத்தான் செத்துப்போன பெரியவர் ஒரு விதி வைத்திருந்தார். எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்புவதென்றால் எல்லா ஆசிரியரும் கை தூக்க வேண்டும், ஒரு கை குறைந்தாலும் பிள்ளை இங்கேயே இருக்கும். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்தார், பாவம், அவருக்குப் பெருந்தன்மை இருந்த அளவுக்கு மனுஷரைத் தெரியவில்லை. ஒரு கை குறைந்தால் கெட்டுப்போகும் என்பதாலேயே அந்த ஒரு கையாக இருக்க இதுவரை ஒருத்தருக்கும் துணிவு வந்ததில்லை. பாதி பேர் போதும் என்று வைத்திருந்தாலாவது நாலு பேர் தைரியமாகக் கையைக் கீழே வைத்திருப்பார்கள்.

அதுவும் எல்லாருக்கும் சம்மதமா என்றால், அதைத்தான் கோமதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் மரகதவல்லி டீச்சர் தானாகவே சொன்னாள், "பாவம் டீச்சர் அந்தப் புள்ள, இன்னும் ஒரு வருசம் உக்காத்தி வச்சிச் சொல்லிக்குடுத்தா பாஸாயிரும். ஆனா எல்லாரும் வேண்டாங்காவ, நாம என்ன செய்ய?" காசிராஜன் சார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கோ-கோல அவ ஓடுத ஓட்டத்துக்கு அவள விட எனக்கு மனசில்ல பாத்துக்கோங்க. எல்லாரும் சொல்லும்போது நான் ஒத்தையில என்னத்தச் சொல்ல?" என்றார். சரி, மேலே இருந்து வருகிறது போலிருக்கிறது என்று தலைமையாசிரியர் அறைக்கே போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கென்னம்மா, நானும் பொம்பளப் புள்ளைய வச்சிருக்கவன்தான். ஸ்டாஃப் எல்லாரும் ஒரு முடிவா இருக்காவ" என்றார். அப்படியென்றால் அந்த 'எல்லாரும்' எங்கேதான் இருக்கிறார்கள்? ஒவ்வொருத்தராகப் பார்த்தால் ஒருத்தரும் அதில் இல்லை. சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ வந்து தலைமை நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். சரி, நீ என்ன சொன்னாய் கோமதி? அவர்கள் ஒவ்வொருத்தரும் சொன்னபோது நீ என்ன பதில் சொன்னாய்? "ஆமா, எல்லாரும் சொல்லுதாவ" என்று தலையாட்டினாய். மரகதவல்லி போய் இன்னொருத்தரிடம் கோமதி டீச்சருக்கே சம்மதந்தான் என்று சொல்லியிருப்பாள். கிளாஸ் டீச்சருக்கே சம்மதம் என்றால் பிறகு யாருக்கு என்ன? தலையை மட்டும்தானே ஆட்டினோம் என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தாள், அது எடுபடவில்லை.

பிள்ளையின் தாய் பேச்சித்தாய் காலையில் வாசலிலேயே மறித்தாள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. "டீச்சர், அவ வீட்டுல கெடந்தா எனக்கு லாபந்தான், ஒரு தட்டு பீடி கூடச் சுத்துவா. வேண்டாம் டீச்சர். படிப்பு வருதோ வரலியோ பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். நீங்க சொன்னா கேப்பாவ." கோமதி "பாக்கேன்" என்றாள். பார்க்கிறேன் என்பது எவ்வளவு சௌகரியமான சொல், ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மாகாளி பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். "புரிஞ்சுதா?" என்று வகுப்பில் கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்!" என்று வருகிற கூட்டுக்குரலில் அவள் குரல்தான் ஓங்கி நிற்கும். ஒருநாள் யாருக்கெல்லாம் விடை தெரியும் என்று கேட்டபோது எல்லாக் கையோடும் அவள் கையும் எழுந்தது. எழுப்பிக் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. "பிறவு என்னத்துக்குட்டி கையத் தூக்குன?" என்றதற்கு, "எல்லாரும் தூக்குனாவ டீச்சர்" என்றாள், மறைக்க ஒன்றும் இல்லாத முகத்தோடு. வகுப்பு சிரித்தது. கோமதியும் சிரித்தாள். அதிலென்ன சிரிக்க இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பிள்ளையாவது கேட்டவுடன் காரணத்தைச் சொல்லிவிட்டது.

கால் விண்ணென்று தெறித்தது. கவனத்தைத் திருப்ப அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மைதானத்தின் ஓரம் புங்கமர நிழலில் சிமெண்டுப் பெஞ்சு இருக்கிறது, முடிவு தெரியும் வரை அங்கே உட்கார்ந்திருங்கள் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பேச்சித்தாய் எழுந்து நின்றாள், செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் கவிழ்த்து, கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் மாகாளி, அதே மாதிரி. கோமதிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஜன்னல் வழியாக டீச்சர்மாரும் சார்மாரும் எழுந்து நிற்பது தெரிந்திருக்கிறது. எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. பெரியவர்கள் நிற்கும்போது நாம் உட்கார்ந்திருப்பது தப்பு என்று எழுந்திருக்கிறார்கள். புங்கமர நிழல் அதற்குள் நகர்ந்துவிட்டது, இரண்டு பேர் தலையிலும் வெயில். காலையிலிருந்து தண்ணீராவது குடித்தார்களோ என்னவோ. உள்ளே இருப்பவர்கள் உட்காரும் வரை அவர்கள் உட்காரப்போவதில்லை, உள்ளே இருப்பவர்களோ மகன் கண்ணைத் திறக்கும் வரை உட்காரப்போவதில்லை. அந்த மகன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ, ஆசிரியர்களுக்கு அப்பா மேல் எவ்வளவு பாசம், இவர்கள் உட்காருகிற சத்தம் கேட்டதும் நாமும் உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் இருப்பார். அப்படியானால் வெயிலில் நிற்கிற அந்த இரண்டு பேரை யார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? நான்தான். நான் மட்டும் இல்லை, ஆனால் நானும்தான்.

சங்கரகோமதி உட்கார்ந்தாள். தைரியம் வந்து உட்காரவில்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். முட்டி மடங்கியது, நாற்காலி கிறீச்சென்றது, ஒரு கணம் அறையே திரும்பிப் பார்த்தது. அவள் பயந்த அதே திரும்பிப் பார்த்தல். முகம் சூடாகி அவள் சேலை மடிப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டாள். அடுத்த கணம் மடமடவென்று அத்தனை நாற்காலியும் கிறீச்சிட்டன, பெருமூச்சுகள், முந்தானை விசிறல், யாரோ "அப்பாடி" என்றே சொல்லிவிட்டார்கள். மகன் கண்ணைத் திறந்து, "ரொம்ப நன்றி, அப்பா மேல இவ்வளவு மரியாத வச்சிருக்கீங்க" என்று தழுதழுத்தபடி உட்கார்ந்தார். மரகதவல்லி பின்னால் சாய்ந்து, "நல்ல வேள டீச்சர், எனக்குத் தலையே சுத்திட்டு" என்று கிசுகிசுத்தாள். அவ்வளவுதானா, இதற்குத்தானா இவ்வளவு நேரம் என்று இருந்தது கோமதிக்கு. வெளியே பேச்சித்தாய் உள்ளே ஒருமுறை நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று என்று உறுதியான பிறகே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள், மகளையும் இழுத்து உட்கார வைத்தாள்.

"அடுத்து ஒம்பதாம் வகுப்பு உச்சிமாகாளி விசயம்" என்றார் திரவியம், கேசரியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. "எல்லாரும் பேசிக்கிட்டதுதான். புதுசாச் சொல்ல ஒண்ணுமில்ல. டி.சி. குடுத்துரலாம். சம்மதம் இருக்கவங்க கை தூக்குங்க." சீக்கிரம் முடிந்துவிடும் என்கிற நிம்மதியில் கைகள் எழுந்தன. முதலில் காசிராஜன், கோ-கோ ஓட்டத்தை மெச்சிய காசிராஜன். பிறகு மரகதவல்லி, வளையல் முழங்கை வரை சரிய. பிறகு முன்வரிசை முழுக்க. கோமதி பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவள் கையும் எழுந்தது. சத்தியமாக அவள் தூக்கவில்லை. ஒருமுறை முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டால் அந்தத் துணிச்சல் கூடவே இருக்கும் என்று நினைத்திருந்தாள், அது உட்கார்ந்ததோடு செலவாகிவிட்டது போலிருக்கிறது. கை மடியை விட்டு, மார்பைத் தாண்டி, தோளுக்கு நேராக வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வந்து பழகிய வழி, வண்டிமாடு வீட்டுக்குப் போகிற மாதிரி அதுவே போகிறது. இன்னும் ஒரு சாண். திரவியம் எண்ணத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில்தான் அவள் பார்வை மறுபடி ஜன்னலுக்குப் போனது.

பெஞ்சில் மாகாளி கையைத் தூக்கியிருந்தாள். நேராக, விறைப்பாக, வகுப்பில் விடை தெரியும் என்று தூக்குகிற அதே தூக்கல். முகத்தில் அதே சிரிப்பு. உள்ளே எல்லாரும் தூக்கியிருக்கிறார்கள், எதற்கென்று அவளுக்குத் தெரியாது, நல்லதற்காகத்தான் இருக்கும். ஐயோ பிள்ளையே என்று கோமதிக்கு வாய்விட்டே வந்துவிடப் பார்த்தது. உன்னைத் துரத்துவதற்கு உன் கையுமா. கண் கலங்கிவிட்டது, ஆனால் கலங்கிய கண்ணுக்கும், அன்றைக்குச் சித்திக்குத் தெரிந்த மாதிரி, தட்டில் இருப்பது தெரிந்தது. சித்தி, கட்டாததுக்கு என்னத்துக்குப் போடணும் என்றாயே. அவள் கையை இறக்கினாள். அது சுலபமாக இறங்கவில்லை, நீர் நிறைந்த குடத்தைக் கிணற்றுக்குள் திரும்ப விடுவதுபோல மெல்ல மெல்ல இறங்கியது. மடியில் வைத்து மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கோமதி டீச்சர்?" என்றார் திரவியம். "கை?"

"எனக்குச் சம்மதம் இல்ல சார்."

குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தது, ஆனால் மின்விசிறியின் கறக் கறக்கைத் தாண்டிக் கேட்டது. அறை திரும்பிப் பார்த்தது. இந்த முறை அவள் குனியவில்லை. இப்படி ஒரு பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, பெரியவர் படத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரவியம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப... விதிப்படி..." என்று இழுத்தவர், "புள்ள இங்கனயே இருக்கட்டும், வேற என்ன" என்றபோது அவர் குரலில் வருத்தமே இல்லை. காசிராஜன் பிடரியைச் சொறிவதற்காக என்பதுபோலக் கையை இறக்கினார். மரகதவல்லி வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "எனக்கும் அப்பமே மனசில்ல டீச்சர்" என்றாள்.

கோமதி அவர்களைப் பார்க்கவில்லை. வெளியே மாகாளி தன் டீச்சரின் கையைத் தேடிப் பார்த்தாள். அது கீழே இருப்பதைக் கண்டதும், மற்ற கைகள் என்ன செய்கின்றன என்று பார்க்காமல், அவளும் தன் கையை இறக்கிக்கொண்டாள்.